வளவுக்குள் ஒரு கேமரா

கேள்வி

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு கிராமம் எங்களுடையது. ஊர்ப்பெயரும் என் பெயரும் போட வேண்டாம். எங்கள் வீடு ஒரு வளவுக்குள் இருக்கிறது. மொத்தம் மூன்று வீடுகள், மூன்றும் என் கணவரின் பங்காளிகளுடையவை. நடுவில் பொது நடை, அடிபம்பு, துவைக்கிற கல். போன வருஷம் கோயில் கொடை நடந்த ராத்திரி எதிர்வீட்டில் பூட்டை உடைத்து நகையைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கொழுந்தன் நான்கு கேமரா வைத்தார். மூன்று அவர்கள் வாசலையும் புறவாசலையும் பார்க்கின்றன. நான்காவது மச்சில் இருந்து எங்கள் பக்கம் பார்க்கிறது. அடிபம்பு, துணிக்கொடி, எங்கள் நடைவாசல் எல்லாம் அதில் விழுகிறது. எங்கள் குளிப்பறைக்குக் கதவு உண்டு, மேலே கூரை கிடையாது. அதுவும் விழுகிறதா என்று தெரியாமல் விடியுமுன்பே இருட்டில் குளித்துவிட்டு வருகிறேன். துபாயில் இருக்கும் அவர் மகனும் போனில் பார்க்கிறானாம்.

ஒருநாள் கொழுந்தன், "மதினி, முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவுல யாரு வந்து எறங்குனா?" என்று கேட்டார். வந்தது என் தம்பி. இன்னொரு நாள் நானும் மாமியாரும் அடிபம்பு பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டதை வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அதில் எண்பது பேர் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறாள். கணவர் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். கேட்டதற்கு, "என் சுவர்ல நான் வைக்கேன், பங்காளிக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்றார் கொழுந்தன். ஸ்டேஷனில், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புதிதாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, 250 கோடி ரூபாய் அபராதம் என்கிறார்களே, அதில் புகார் கொடுக்கலாமா? கேமராவைக் கழற்ற வைக்க முடியுமா? துணியைக் கட்டி மூடிவிடலாம் என்கிறார் கணவர். நாமும் ஒன்று வைத்து அவர்கள் வீட்டைப் பார்ப்போம் என்கிறாள் மகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஆட்டோ பற்றிய வரியைத்தான். வந்தது தம்பி என்று எனக்கும் சேர்த்து விளக்கம் சொல்லியிருக்கிறீர்கள். யார் வந்தால் என்ன? ராத்திரி உங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரென்று நீங்கள் எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேமரா வந்த நாளிலிருந்து கணக்குச் சொல்லும் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு நேர்ந்த முதல் பாதிப்பு அதுதான். குளிப்பறையும் வாட்ஸ்அப்பும் அதைவிடக் கடுமையானவையாக இருக்கலாம், ஆனால் அவையும் இதே இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

கொழுந்தன் பக்கத்து நியாயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நகை போன வீடு அது. கேமராவை மூன்றாவது கண் என்று சொல்லி, வையுங்கள் வையுங்கள் என்று காவல்துறையே ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டது. அவர் வாசலையும் புறவாசலையும் பார்க்கிற மூன்று கேமராவை எந்த நீதிமன்றமும் கழற்றச் சொல்லாது. நீங்களும் அதைக் கேட்க வேண்டாம். நம் பேச்சு முழுக்க அந்த நான்காவதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் சரி, பெரியவர்களை வைத்துப் பேசினாலும் சரி, இதில் தவறினால் "திருடனுக்குத் துணை போகிறாள்" என்று உங்கள் பக்கம் பேச்சைத் திருப்பிவிடுவார்கள்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் சேரன்மாதேவிப் பக்கமிருந்து ஒரு கட்சிக்காரர் சீனியரைப் பார்க்க வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாடி எடுத்து, இவர்கள் முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்துவிட்டார். வீட்டுப் பெண்கள் முற்றத்தில் தலை துவட்டக்கூட முடியவில்லை என்பது புகார். எனக்கு அது ஒரு வழக்காகவே தோன்றவில்லை. சீனியர் ஒன்றும் சொல்லாமல், நாங்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று சொல்லும் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தை எடுத்து 18ஆம் பிரிவைக் காட்டினார். வழக்கத்தால் வரும் உரிமைகளுக்கு அங்கே உதாரணம் கொடுத்திருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் அந்தரங்கம் கெடும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரில் ஒருவர் வீடு கட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஜன்னல் திறக்காமல் தடுக்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். அந்தச் சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று.

1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் அந்த உரிமையை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜன்னல் திறந்ததால் அந்தரங்கம் போயிற்று என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்ற பக்கமே சாய்ந்தது. அதனால் சீனியர் வழக்கைப் பெரிதாக நம்பவில்லை. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர, கமிஷனர் ஒருவரை நீதிமன்றம் அனுப்பியது. அவர் டேப் பிடித்து அளந்து, அந்த ஜன்னலில் நின்றால் முற்றத்தில் எதெது தெரிகிறது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார். அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எதிர்க்கட்சி இறங்கி வந்தது. ஜன்னலின் கீழ்ப்பாதியை ஆள் உயரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மேல்பாதி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அப்படியே இருந்தது. இரண்டு வீட்டாரும் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன் வைத்தது, ஒரு விதத்தில், அந்த ஜன்னல்தான். ஆனால் ஜன்னலில் நிற்கிறவன் சாப்பிடப் போவான், தூங்குவான். அவன் பார்த்ததை ஊருக்குச் சொல்லலாம், காட்ட முடியாது. கேமரா ராத்திரியும் பார்க்கும், பார்த்ததை வைத்துக்கொள்ளும், அதை வெட்டி எண்பது பேருக்கு அனுப்பலாம், துபாயிலிருந்தும் எட்டிப் பார்க்கலாம். பழைய சட்டத்துக்குப் பார்வை மட்டும்தான் தெரியும். பதிவு, பரப்புதல் என்ற இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை. அதனால்தான் உங்கள் ஸ்டேஷனில் இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல், குடும்பத் தகராறு என்ற பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சட்டம் இப்படிப் பின்னால் ஓடி வருவது புதிதும் இல்லை. அந்தரங்கத்தைத் தனி உரிமையாகப் பேசிய புகழ்பெற்ற கட்டுரையை 1890இல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வக்கீல்கள் எழுதினார்கள். அவர்களை எழுத வைத்ததில் கேமராவுக்கும் பங்கு உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் கோடக் கேமரா சந்தைக்கு வந்திருந்தது. ஸ்டூடியோவில் போய் அசையாமல் உட்கார்ந்தால்தான் படம் என்ற காலம் போய், தெருவில் நடக்கிறவரை அவர் அறியாமலே படம் எடுக்கலாம் என்ற காலம் தொடங்கியிருந்தது.

நம் நாட்டில் 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன்பாட்டுக்கு விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடிப்படை உரிமை அரசாங்கத்துக்கு எதிராகத்தானே, கொழுந்தனுக்கு எதிராக எப்படி என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார். 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வு ஒன்று, 21ஆம் பிரிவின் உரிமையைத் தனி மனிதர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது.

உங்களுக்கு இவை எல்லாவற்றையும்விடக் கைக்கு அருகில் இருப்பது கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் 2025 பிப்ரவரித் தீர்ப்பு. ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களுக்குள் வந்த வழக்கு அது. ஒருவர் மற்றவரின் சம்மதம் கேட்காமல், குடியிருக்கும் பகுதியில் சிசிடிவி வைத்தார். அது அந்தரங்கத்தை மீறுவது, அந்தக் கேமராக்களை இயக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. பங்காளிக்குள் என்ன ஒளிவு மறைவு என்று கேட்கிறாரே, அவருக்கு நேரான பதில் இது. உங்கள் வளவும் அந்த வீடும் அச்சு அசலாக ஒன்றல்ல. அவர் தன் சுவரில் வைத்திருக்கிறார், நீங்கள் தனிக் கதவு போட்ட வீட்டில் இருக்கிறீர்கள். ஆனாலும் பொது நடையும் அடிபம்பும் மூன்று வீட்டுக்கும் பாத்தியப்பட்டவை என்று காட்டிவிட்டால், இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பலமாக நிற்கும். கேமரா யார் சுவரில் இருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் தப்ப முடியாது. சுவர் அவருடையது, பார்க்கப்படும் இடம் அவருடையதல்ல.

குடும்பத்துக்குள் அந்தரங்கம் என்பது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் சட்டம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், திருமண வழக்குகளில் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. நீதிமன்றத்துக்குள் சாட்சியம் எடுபடுமா என்பது ஒரு கேள்வி, உங்களை இருபத்துநாலு மணி நேரமும் பதிவு செய்யலாமா என்பது வேறு கேள்வி. எதிர்க்கட்சி இரண்டையும் குழப்பப் பார்க்கும்.

சரி, 250 கோடிக்கு வருவோம். 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இப்போது இறங்க வேண்டாம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தரவு வைத்திருப்பவர்கள் மீதான முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போதும்கூட, ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே விலக்குக் கொடுத்துவிட்டது. என் வீட்டுக் காவலுக்கு வைத்தேன் என்பார் கொழுந்தன். 250 கோடி என்பது தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்ட உச்சவரம்பு. அது வசூலானாலும் அரசாங்கக் கணக்குக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தர அந்தச் சட்டத்தில் வழி வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஆனாலும் அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பது முடிந்துபோன விஷயம் இல்லை. ஐரோப்பாவில் 2014இல் இதே கேள்வி எழுந்தது. செக் நாட்டில் ஒருவர், வீட்டு ஜன்னல்களை யாரோ உடைத்ததால் கேமரா வைத்தார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிவு செய்தது. தன் எல்லையைத் தாண்டிப் பொது இடத்தைப் பார்க்கும் கேமராவை முழுக்க வீட்டுக் காரியம் என்று சொல்ல முடியாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். உங்கள் கொழுந்தன் கதையைக் கேட்டு எழுதியதுபோல இருக்கிறது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, நம் சட்டத்தின் வாசகமும் வேறு. ஆனால் நாளைக்கு நம் ஊரில் இந்தக் கேள்வி வரும்போது நீதிபதிகள் அதையும் எடுத்துப் பார்ப்பார்கள். எண்பது பேர் குரூப்பில் போட்ட பிறகும் அது வீட்டு உபயோகம்தானா என்று நானே வாதாடத் தயாராக இருக்கிறேன்.

இனி போலீஸ் விஷயம். குளிப்பறை கேமராவில் விழுகிறது என்றால் இது குடும்பத் தகராறு என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பி இருக்கும் இடத்தில் அவரைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவும் சேரும். அதில் மூன்று வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துணிக்கொடியும் நடைவாசலும் இந்தப் பிரிவுகளில் வராது, அந்தப் பிரிவுகள் உடம்பின் மறைவைப் பற்றியவை.

வாட்ஸ்அப்பில் போட்டதற்கு அதே நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு அவருடைய அந்தரங்கத்தில் குறுக்கிடுவதும் அதில் குற்றம். இது புதுச் சட்டத்துக்காக யோசித்து எழுதியதல்ல. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவில் இருந்ததைத்தான் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் மட்டுமல்ல, டெலிபோனே இல்லாத காலத்தில் எழுதிய வாசகம் இன்று உங்களுக்கு உதவிக்கு வருகிறது. ஆனால் அவமதிக்கும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அந்த வீடியோவுக்கு மேலே என்ன எழுதினார்கள், கீழே யார் என்ன சிரித்துப் பேசினார்கள் என்பதெல்லாம் அதற்குத்தான் முக்கியம். குரூப்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள். அந்த வீடியோவையும் மெசேஜ்களையும் தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கோர்ட்டில் மின்னணுச் சாட்சியம் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு அசல் போன் கையில் இருப்பது நல்லது.

ஸ்டேஷனில் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை எழுதிக்கொண்டு போய், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அம்பாசமுத்திரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். குற்றம் தெரிந்தும் வழக்குப் பதிய மறுத்தால், மனுவை எழுத்தில் மாவட்ட எஸ்பிக்கு அனுப்பலாம். அப்புறமும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லாம் எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன். குளிப்பறை விழவில்லை என்றால், உங்கள் விஷயத்துக்குச் சரியான இடம் சிவில் கோர்ட்டுதான். ஸ்டேஷனில் ஒருநாள் உட்கார வைத்து அனுப்பிவிடுவார்கள், கேமரா அங்கேயே இருக்கும். முன்சீப் கோர்ட்டில் அந்த நான்காவது கேமராவைத் திருப்பவோ அகற்றவோ உத்தரவு கேட்டு வழக்குப் போட்டு, அது முடியும்வரை இடைக்காலத் தடையும் கேட்கலாம். கூடவே, கேமரா எதைப் பார்க்கிறது என்று அறிக்கை தர ஒரு கமிஷனரை நியமிக்க மனுப் போட வேண்டும். என் சீனியர் காலத்தில் டேப் பிடித்த வேலையை, இன்றைய கமிஷனர், கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் கருவியின் திரையைப் பார்த்து நிமிஷத்தில் செய்துவிடுவார். உங்களுக்கும் குளிப்பறைக் கேள்விக்கு அப்போது விடை தெரிந்துவிடும்.

வழக்குக்கு முன்னால் பேச்சு வேண்டும். வளவில் இன்னும் நாற்பது வருஷம் முகம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். கணவர் ஊருக்கு வரும் நாளில், மூன்றாவது வீட்டுப் பெரியவரையும் கொழுந்தன் மதிக்கிற ஒருவரையும் வைத்துப் பேசுங்கள். கேமராவைக் கழற்று என்று தொடங்காதீர்கள். உன் திரையைக் காட்டு என்று தொடங்குங்கள். எல்லாரும் பார்க்கும்படி அந்தக் காட்சியை ஒருமுறை திறந்து வைத்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே புரிந்துவிடும். தன் மகளும் அந்த அடிபம்பில்தானே நிற்கிறாள் என்பது அவருக்கே உறைக்கலாம்.

அப்புறம் கேட்க வேண்டியவை. கேமராவைக் கீழே இறக்கி அவர் வாசல் பக்கம் திருப்பினால் நல்லது. முடியாது என்றால், பெரும்பாலான டிவிஆர்களில் காட்சியின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதி இருக்கிறது. கேமரா மாட்டிய பையனைக் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவான். உங்கள் நடைவாசலும் குளிப்பறையும் அந்தக் கட்டத்துக்குள் போய்விட வேண்டும். ஜன்னலின் கீழ்ப்பாதியை அன்று செங்கல் வைத்து அடைத்தார்களே, அதே ஏற்பாடுதான் இது. மைக் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பார்வையைத் திருப்பிவிடலாம், சத்தத்துக்குக் கோணம் கிடையாது. அடுப்படியில் நீங்கள் பேசுவதும் போய்ச் சேரும். 2021இல் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்தில் ஒரு பக்கத்து வீட்டுக் கேமரா வழக்கு நடந்தது. படத்தைவிட, தூரத்துப் பேச்சையும் பதிவு செய்ததைத்தான் நீதிபதி கடுமையாக எடுத்துக்கொண்டார்.

பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். அதை மாற்றச் சொல்லுங்கள். இது உங்களுக்காக மட்டுமல்ல, அவர் வீட்டுக்காகவும்தான். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள், சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள், இணையத்தில் விற்பனைக்கு வந்தன. மாட்டும்போது இருந்ததுபோன்ற சுலபமான பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் உள்ளே நுழைய வழியாகிவிட்டது. பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பெரியவர்களைச் சாட்சியாகக் காட்டுங்கள். குரூப்பிலிருந்து அந்த வீடியோவை எடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு எடுத்தால் போதும்.

துணி கட்டி மூடும் யோசனை வேண்டாம். அவர் சுவரில் ஏறித் துணி கட்டினாலும், கேமராவைத் திருப்பினாலும், சேதப்படுத்தினார்கள் என்று அவர் புகார் கொடுப்பார். அந்தக் கேமராவே அதற்குச் சாட்சியம் சொல்லும். உங்கள் எல்லைக்குள் நீங்கள் ஓலைத் தட்டியோ தகரமோ நிறுத்தலாம், அதை யாரும் கேட்க முடியாது.

மகளின் யோசனையும் வேண்டாம், ஆனால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் கோபம் நியாயமானது. நீங்களும் அவர்கள் வீட்டைப் பார்த்துக் கேமரா வைத்துவிட்டால், தடை உத்தரவு கேட்டு நிற்கும்போது நீதிபதி உங்களிடம் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்காது. அவளிடம் வேறொரு வேலை கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி வாரியாக அடுக்குவதும், எந்தெந்த நாளில் கொழுந்தன் என்ன கேட்டார் என்று குறிப்பேட்டில் எழுதுவதும் அவளால் முடியும். ஆட்டோ பற்றிக் கேட்ட நாள் அதில் முதலில் வரட்டும். கேமரா எதற்காகப் பயன்படுகிறது என்பதற்கு அவர் வாயாலேயே கொடுத்த சாட்சியம் அது. திருடனைத் தேடுகிறவர் ஆட்டோவில் வந்தவரை உங்களிடம் விசாரிக்க மாட்டார்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசவும் செய்வார்கள். ஸ்டேஷனில் பேசுவதைவிட அந்த அறையில் பேசுவது உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, மாமனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பொது நடை, அடிபம்பு, குளிப்பறை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது, எல்லைகளுக்கு என்ன அளவு சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் கிடைக்காவிட்டால், பதிவு செய்த பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். இரண்டாவது, குளிப்பறைக்கு மேலே ஒரு தகரம் போடுங்கள். வழக்கு முடியும்வரை நீங்கள் இருட்டில் குளிக்க வேண்டியதில்லை. ஆனால் தகரம் போடுவதற்கு முன்னால், குளிப்பறைக்குள் நின்று, அங்கிருந்து அந்தக் கேமரா தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் தேதியோடு நான்கைந்து படம் எடுத்து வைத்துவிடுங்கள். கேமரா உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் நீங்களும் அதன் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. தகரம் ஏறிவிட்டால் பிறகு அதை யாருக்கும் காட்ட முடியாது.